மயான காண்டம்: மேடையும் திரையும்

எமது நாட்டுக் கோயில் வீதிகளில் விடிய விடிய நிகழ்ந்த இசை நாடகங்களுள் 'அரிச்சந்திரன்' போல் மக்கள் உள்ளத்தை உருக்கியவை மிகச் சிலவே. அதனுள்ளும் மயான காண்டம் தனி நாடகமாகவே நின்று நிலவியது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் (1924–1989) சுடலை காக்கும் அரிச்சந்திரனாய்த் தோன்றி, வசந்த கான சபாவினருடன் அதனைப் பல்லாண்டு நடித்துப் பெரும்புகழ் எய்தினார். இருளும் சாவும் ஓலமும் நிறைந்த அவ்விசை நாடகத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதாயின் எவற்றை விடலாம், எதனை விடலாகாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மேடையிற் காலம் பாட்டின் வசப்பட்டது. பின்னே தொங்குவது வெறுந்திரையே. சுடலையும் நள்ளிரவும் நரியின் ஊளையும் நடிகன் பாடும் விருத்தத்தில் எழுகின்றன. ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க, ஒரே துயரத்தை அவன் அரைமணி நேரம் பாடினும் அவையோர் சலிப்பதில்லை. கமெராவோ சுடலையை ஒரு நொடியிற் காட்டிவிடுகின்றது. கண் கண்டதைப் பாட்டு மீண்டும் சொல்லின் காட்சி நின்றுவிடும். ஆதலின் வருணனைப் பாடல்களைக் குறைத்தல் தவறன்று.

இக்கதை திரைக்குப் புதிதன்று. தாதாசாகேப் பால்கே 1913இல் பம்பாயில் வெளியிட்ட 'ராஜா ஹரிச்சந்திரா' இதே கதைதான். நம் மேடையிற் போலவே அதிலும் அரசி வேடத்தை ஓர் ஆடவரே புனைந்தார். எனினும் அது ஊமைப்படம், பாட்டு அங்கில்லை. பின்னர் வந்த தமிழ்ப் பேசும்படங்கள் மறுமுனைக்குச் சென்றன. மேடை நாடகமாகப் புகழ்பெற்றுப் பின் 1934இல் படமான 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன.

மேல்நாட்டாரும் இவ்விடர்ப்பாட்டை எதிர்கொண்டனர். பழிவாங்கப் புறப்பட்ட நாவிதன் ஒருவனைப் பற்றி ஸ்டீவன் சொண்ட்ஹைம் இசையமைத்த 'ஸ்வீனி டொட்' 1979இல் நியூயோர்க் மேடையேறியது. அதிலே ஒரு பாடகர் குழு அவையை நோக்கிக் கதை சொல்லும். டிம் பேர்ட்டன் 2007இல் அதனைப் படமாக்கியபோது அக்குழுப்பாடலை நீக்கினார். மேடைநடிகன் எதிரே அவை இருக்கின்றது. திரையில் வருபவனோ தனித்திருக்கின்றான். எனவே அவையை நோக்கிய பாட்டு, திரையிற் தன்னை நோக்கிய பாட்டாக மாறுதல் வேண்டும்.

இனி, விடலாகாதது யாது? அரவந் தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி சுடலைக்கு வருகின்றாள். காவலன் கூலி கேட்கின்றான், அவளிடம் யாதுமில்லை. கழுத்திலுள்ள தாலியை விற்றுத் தருமாறு அவன் கூறுகின்றான். கணவனன்றிப் பிறர் கண்ணுக்குப் புலனாகாத தாலி அது! அவ்வொரு சொல்லாலேயே எதிரில் நிற்பவன் தன் கணவன் என அவள் அறிகின்றாள். நாடகத்தின் உயிர்நிலை இதுவே.

மேடையில் எட்டத்திலிருப்போர்க்குத் தாலி தெரிவதில்லை. பாட்டே அதனைத் தெரிவிக்கும். திரையிலோ அண்மைக்காட்சி எதனையும் காட்டும். முதலிலேயே தாலியைக் காட்டினாற் பார்ப்போர் அனைவரும் அதனைக் கண்டவராவர், வரம் பொய்த்துவிடும். எனவே அதுவரை அவள் கழுத்து வெறுமையாகவே தோன்றுதல் வேண்டும். அரிச்சந்திரன் கண்வழியே கமெரா நோக்கும் அக்கணத்தில் மட்டும் தாலி ஒளிர்தல் வேண்டும். மேடையால் இயலாத இதனைத் திரை இயற்றவல்லது. அதன்பின் வரும் புலம்பலை மட்டும் எவரும் கத்தரித்தலாகாது; அங்கே பாட்டு வருணனையன்று, உயிரின் ஓலம்.

நம் மாணவர் பலர் இன்று கைக்கருவியாலேயே படம் எடுக்கின்றனர். நாடகத்தை உள்ளவாறே பதிதல் வேறு. அதனைப் படமாக ஆக்குதல் வேறு. இரண்டும் வேண்டற்பாலன, ஆயினும் பதிவே முந்துதல் வேண்டும். நடிகமணியின் குரலை நேரிற் கேட்டோர் தொகை ஆண்டுதோறும் அருகி வருகின்றது. அம்மரபைக் கற்றுப் பாடுவோர் நம்மிடையே உள்ளபோதே விருத்தங்களை முழுமையாகப் பதிந்து வைப்போமாக. எதனைக் குறைக்கலாம் என்று ஆராய்வதற்கும் முழுமை நம் கையில் இருத்தல் வேண்டுமன்றோ!