அமிலச் செரிப்பும் உலர் சாம்பலாக்கலும்

தாவர மாதிரியில் கன உலோகங்களை அளக்குமுன் அதன் கரிமப் பொருளை நீக்குதல் வேண்டும். இதற்கு இரு முறைகள் உள்ளன. உலர்த்திப் பொடித்த இலையை நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கித் தெளிந்த கரைசலாக்குவது ஒன்று. உலையில் ஏறத்தாழ 450 முதல் 500 பாகை செல்சியஸில் எரிப்பது மற்றொன்று. முன்னதை 'அமிலச் செரிப்பு' என்றும் பின்னதை 'உலர் சாம்பலாக்கல்' என்றும் வழங்கலாம். 'செரிமானம்' உணவுக்குரிய வழக்காதலின் ஈண்டுப் பொருந்தாது. இரண்டையும் 'சிதைத்தல்' என ஒரே சொல்லால் பெயர்ப்பின், பிழை மொழியளவில் நில்லாது. பாதரசம் எளிதில் ஆவியாகும். மூடிய கலத்தில் செரித்தால் கரைசலில் தங்கும், சாம்பலாக்கினால் வெளியேறிவிடும். அப்போது மாசுற்ற கீரையும் தூயதெனத் தோன்றும். ஆதலின் செய்முறை வேறுபாட்டைக் கலைச்சொல் காத்தல் இன்றியமையாதது.