உங்களுக்குத் தெரியுமா? 'புரோகிராம்' தமிழில் என்ன?

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நண்பர் "ஞாயித்துக்கெழம என்ன புரோகிராம்?" என்றால், அது திட்டம். டிவியில் வந்தால் நிகழ்ச்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சிஎன்சி மெஷினுக்குப் 'புரோகிராம் போடுவது', இரும்பை எங்கே, எவ்வளவு கடைய வேண்டும் என்று வரிவரியாகக் கட்டளை எழுதுவது.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிகழ்ச்சி என்றால் இந்தச் சொல்லின் கடைசியில் இன்னோர் 'எம்'மும் 'இ'யும் சேரும், கணினிக்குச் சேராது. ஆனால் 'புரோகிராமிங்' என்றால் அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் இரண்டு 'எம்' போடுவார்கள்.

கணினிப் புரோகிராமுக்கு நம் பாடநூல்களில் இருக்கும் 'நிரல்' எவ்வளவு பொருத்தமான சொல்! அதற்கு வரிசை என்று பொருள். கூட்டத்தின் 'நிகழ்ச்சி நிரல்' அதே சொல்தான். சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்கான பொருள்களை அதே வரிசையிலும் நிறுத்துவதைத் தொல்காப்பியம் 'நிரல்நிறை' என்கிறது. 45ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். அதில் அந்த அமைப்பு இருக்கிறது.