மறைந்த செம்பும் மறையாத தடயமும்

மனிதன் முதன்முதலில் கையாண்ட உலோகங்களுள் செம்பும் ஒன்று. பாத்திரமாகவும் நாணயமாகவும் பயன்பட்ட அவ்வுலோகம், இன்று மின்கம்பியாகி நம் வீட்டுச் சுவர்களுக்குள் ஓடுகின்றது. மின்சாரத்தின் பயன் பெருகப் பெருகச் செம்பின் தேவையும் பெருகுகின்றது. ஆனால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிந்த தாதுப் படிவுகளைப் பெரும்பாலும் முன்னோர் கண்டெடுத்துவிட்டனர். மண்ணுக்கடியில் மறைந்து கிடப்பவற்றைக் காண்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அமெரிக்க நிலவியல் அறிஞர் டேவிட் லோவெல் (1928–2020). அரிசோனா மாநிலத்தில் பிறந்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுரங்கப் பொறியியல் பயின்றவர் அவர்.

வெங்காயத் தோல் போல

உலகிற்குக் கிடைக்கும் செம்பில் பாதிக்கு மேல் 'பார்பிரி' வகைப் படிவுகளிலிருந்து வருகின்றது. இவை மிகப் பெரியவை. ஆயினும் செம்பின் செறிவு மிகக் குறைவு. ஒரு டன் பாறையை உடைத்தால் ஐந்து முதல் பத்துக் கிலோ செம்பு கிடைக்கலாம்.

பூமியின் ஆழத்திலிருந்து எழும் பாறைக்குழம்பு, மேற்பரப்பை எட்டாமல் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே நின்று குளிர்கின்றது. அப்போது அதிலிருந்து பிரியும் கொதிநீர், செம்பையும் கந்தகத்தையும் சுமந்துகொண்டு பாறை வெடிப்புகளில் புகுகின்றது. அங்கே தாது படிகின்றது. அதே கொதிநீர் சுற்றியுள்ள பாறைகளையும் மாற்றிவிடுகின்றது. நடுவில் பொட்டாசியம் மிகுந்த பகுதி; அதைச் சுற்றி வெண்ணிறச் செரிசைட்டும் பைரைட்டும் நிறைந்த பகுதி; அடுத்துக் களிமண்ணாக மாறிய பகுதி; எல்லாவற்றிற்கும் வெளியே பசுமை நிறம் படிந்த பகுதி. வெங்காயத்தின் தோல்களைப் போல இவை ஒன்றையொன்று சூழ்ந்திருக்கும். தாது அமைந்த இடத்தைக் காட்டிலும் இம்மாற்றம் பரவிய இடம் பன்மடங்கு பெரிது. செம்பே இல்லாத வெறும் பாறைகூடச் செம்பு இருக்கும் திசையைச் சொல்லும் என்பது இதனால் விளங்கும்.

பாதி வளையம் சொன்ன செய்தி

அரிசோனாவிலுள்ள சான் மானுவல் சுரங்கத்தின் பாறை மாற்றங்களை ஷ்வார்ட்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1953இல் விரிவான அறிக்கை வெளியிட்டிருந்தார். லோவெல் அதனைக் கருத்தூன்றிப் படித்தார். அங்கே வளையங்கள் முழுமையாக இல்லை, பாதிதான் இருந்தன. நடுப்பகுதி ஒரு பெரும் நிலப்பிளவின் மீது மோதியதுபோல முடிந்திருந்தது. அப்படியானால் மறுபாதி எங்கே?

நிமிர்ந்து நிற்கும் வெள்ளரிக்காய் ஒன்றைச் சாய்த்துப் படுக்க வைத்து, நீளவாட்டில் கத்தியால் பிளப்பதாக எண்ணிக்கொள்வோம். சான் மானுவலில் இயற்கை செய்ததும் இதுவே. படிவு முதலில் சாய்ந்தது, பிறகு பிளவுபட்டது, மேற்பாதி சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் வழுக்கிச் சென்று மண்ணுக்குள் மறைந்தது. அவ்விடத்தில் முன்னரே சிலர் துளையிட்டு, தாது கிட்டாமல் கைவிட்டிருந்தனர். வளையங்களின் வரிசையை நம்பி லோவெல் இன்னும் ஆழமாகத் துளையிடச் செய்தார். 1960களின் இடைப்பகுதியில் மறுபாதி அகப்பட்டது. கலமசூ என்று பெயர் பெற்ற அப்படிவைப் பற்றி அவர் 1968இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார்.

ஓரிடத்தில் பலித்தது எல்லா இடத்திலும் பலிக்குமா? பேராசிரியர் ஜான் கில்பர்ட்டுடன் சேர்ந்து, மேலும் 27 பெரும் படிவுகளை இதனோடு ஒப்பிட்டார். 1970இல் வெளிவந்த அக்கட்டுரையே 'லோவெல்–கில்பர்ட் மாதிரி' என நிலவியல் மாணவர் பயிலும் பாடமாயிற்று. எல்லாப் படிவுகளிலும் எல்லா வளையங்களும் காணப்படுவதில்லை. பின்வந்தோர் இம்மாதிரியைத் திருத்தியும் விரித்தும் உள்ளனர். எனினும் அடிப்படை நிலைத்து நிற்கின்றது.

பாலைவனத்தில் மறைந்தது

லோவெலின் மற்றொரு பெரும் வெற்றி சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் கிட்டியது. அங்குள்ள சில குன்றுகளின் மேற்பரப்பில் செம்பு மிகக் குறைவு. துருநிறப் பாறையே மிகுதி. பைரைட் காற்றும் நீரும் பட்டுச் சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகும். அது மேலுள்ள செம்பைக் கரைத்துக் கீழே கொண்டு செல்லும். இரும்புத் துரு மேலே தங்கும். செம்போ அடியில் சால்கோசைட் என்னும் வளமான தாதுவாகச் சேரும். மேலே செம்பு இல்லாமையே கீழே செம்பு இருப்பதற்கு அடையாளமாகலாம்! இந்தத் துருவைப் படிக்கத் தெரிந்த லோவெலின் குழு, 1981இல் அங்கே மாபெரும் படிவைக் கண்டது. 1990இல் உற்பத்தி தொடங்கிய எஸ்கொண்டிடா சுரங்கம், உலகிலேயே மிகுதியாகச் செம்பு தரும் சுரங்கமாக வளர்ந்தது. எஸ்கொண்டிடா என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு 'மறைந்திருப்பது' என்பதே பொருள்.

நாம் கொள்ளத்தக்கது

ஷ்வார்ட்ஸின் அறிக்கை எல்லோருக்கும் கிடைக்கக்கூடியதாகவே இருந்தது. மற்றவர் அதைப் பாறைகளின் விவரமாகப் படித்தனர். லோவெல் அதில் காணாமற்போன பாதியைப் படித்தார். புதிய கருவியினும் முன்னதாக அவருக்கு உதவியது, பிறர் எழுதி வைத்ததைப் பொறுமையாகப் படித்து, 'இங்கே குறைவது என்ன?' என்று கேட்ட மனம். நம் கல்லூரி நூலகத்தின் அலமாரிகளிலும் அத்தகைய அறிக்கைகள் பல தூசி படிந்து கிடக்கக்கூடும். அவற்றைத் திறந்து பார்க்கும் கைகள் நம்முடையவையாக இருக்கட்டும்.