உஷார்! ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முட்டியைப் பதம் பார்க்கும்

ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் வேலையையும் கவனித்துக்கொண்டே பயிற்சி எடுக்கும் அம்மாக்களே, அப்பாக்களே! முட்டியில் லேசாக வலி இருந்தால், நாளைக் காலை ஷூ மாட்டுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்.

போன டிசம்பரில் ஒரு நாள். மகனின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. முன்னால் ஓடிய ஏழு வயதுப் பிள்ளை திரும்பி நின்று கேட்டான்: “அம்மா, நீ ஏன் நண்டு மாதிரி இறங்குற?” அப்போதுதான் கவனித்தேன். இடது கை கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. உடம்பு பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் வலிக்கிற வலது காலை முதலில் இறக்கி, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கிறேன். எத்தனை நாளாக இப்படி இறங்குகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. 21 கிலோமீட்டர் ஓடுவதற்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

“நாப்பது வயசுக்கு மேல எதுக்கும்மா ஓட்டம்? முட்டி தேஞ்சிடும்” என்று அத்தை ஆரம்பத்திலேயே சொன்னார். பல வீடுகளில் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால், ஓட்டத்தின் மீது பழி போடுவது சரியில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் அலசலில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகவே கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3. அளவோடு ஓடுகிறவர் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் இதில் தெரிகிறது. அந்த அளவில்தான் பிள்ளை வைத்திருக்கும் நாம் தவறிப்போகிறோம்.

காலண்டரைப் பாருங்கள். சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரங்களில் வரும். அதற்கு 16 வாரப் பயிற்சி என்றால் செப்டம்பரிலேயே ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து காலாண்டுத் தேர்வு, கொலு, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, பிள்ளைக்குச் சளி காய்ச்சல், அரையாண்டுத் தேர்வு என்று வரிசைகட்டி நிற்கும். செவ்வாய், வியாழன் ஓட்டம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். மிச்சம் இருப்பது ஞாயிறு மட்டும். வாரம் முழுக்க விட்டதை அந்த ஒரு காலையில் பிடித்துவிடலாம் என்று கிளம்புகிறோமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நவம்பரில் ஒரு ஞாயிறு 9 கிலோமீட்டர். அடுத்த வாரம் மகனுக்குக் காய்ச்சல், ஓட்டமே இல்லை. அதற்கடுத்த ஞாயிறு மழை. நான்காவது ஞாயிறு, ‘நாள் நெருங்கிவிட்டதே’ என்ற பதற்றத்தில் ஒரேயடியாக 16. அன்று ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோது தெரிந்தது.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார் 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்து, 2025-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முந்தைய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டினாலே காயம்படும் வாய்ப்பு ஏறுகிறது. இரு மடங்குக்கும் அதிகமாக ஓடினால், அந்த வாய்ப்பும் இரு மடங்கைத் தாண்டுகிறது. என் கணக்குப்படி 9-க்கு அடுத்து 10-க்குள் நின்றிருக்க வேண்டும். வாட்சில் வார மொத்தம் குறைவாகத்தான் காட்டியது. அதை நம்பி ஏமாந்தேன்.

16 கிலோமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 17,000 அடி. ஒவ்வொரு அடியிலும் முட்டிச் சிரட்டைக்குப் பின்னால் உடல் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. தொடைத் தசை களைத்தால் அதைத் தாங்க ஆளில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும்; தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லை என்பதற்காகக் கால் தயாராகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இதற்கு மேல், நமக்கு ஓய்வு நாள் என்று ஒன்று ஏது? ஓடாத நாளிலும் பிள்ளையைக் குளிப்பாட்டக் குத்துக்காலிடுகிறோம், சிதறிய பொம்மைகளை மண்டியிட்டுப் பொறுக்குகிறோம். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலேகாலுக்கு எழுந்திருக்கிறோம். உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரமே தூக்கம்தான்.

இதையெல்லாம்விட என்னைப் பதற வைப்பது வலி மாத்திரை. “ஓடறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்கோங்க, ஒண்ணும் தெரியாது” என்று ஓட்டக் குழுவில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். நானும் போட்டேன், இரண்டு ஞாயிறு. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வலியை மறைக்கும்; காயத்தை ஆற்றாது. மறைந்த வலியோடு ஓடினால் காயம் பெரிதாகும். அதோடு நிற்கவில்லை. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைத்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள். இந்த மாத்திரைகள் அவற்றைத்தான் தடுக்கின்றன. சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வியர்வை கொட்ட ஓடுகிறவருக்கு இது சிறுநீரகத்தோடு விளையாடுகிற விளையாட்டு. வயிற்றுப்புண் தனி. ஓடுவதற்காக மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ளாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன். மெடிக்கலில் வாங்கும் நீ கேப்பும் வலி ஸ்பிரேயும் மருத்துவம் ஆகாது.

வலி எங்கே என்று பாருங்கள். படி இறங்கும்போதும், மடக்கிய காலோடு நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் சிரட்டையைச் சுற்றி வலித்தால், அது ஓட்டக்காரர்களுக்கு அதிகம் வருவது. சரியான பயிற்சியில் பெரும்பாலும் குறையும். எனக்கு வந்தது அதுதான். சில கிலோமீட்டருக்குப் பிறகு முட்டியின் வெளிப்பக்கம் சுளீரென்று இழுத்தால் அது வேறு பிரச்சினை. ஆனால் முட்டி வீங்கினால், நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால், நடக்கையில் திடீரென்று மடங்கினால் தாமதிக்காதீர்கள். உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகிறதா, படுத்திருக்கும்போதும் குடைகிறதா? எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போகும். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று மறுபடி ஓடிவிடாதீர்கள். முட்டி சிவந்து சுட்டு, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சி கொடுத்தார். மகன் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் பாய் போட்டுச் செய்தேன். அடியைக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டச் சொன்னார். அப்படிச் செய்தால் முட்டியின் மேல் விழும் சுமை குறைகிறது. பத்துக்கு இரண்டு அளவுக்கு மேல் வலித்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தி நடந்து வீட்டுக்கு வர வேண்டும். விட்டுப்போன ஓட்டம் விட்டதுதான், ஞாயிற்றுக்கிழமை வசூலிக்கக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். முழு மாரத்தானிலிருந்து 10 கிலோமீட்டருக்கு இறங்கினால் யாருக்கும் மானம் போய்விடாது.

ஜனவரி ஓட்டத்துக்கு நான் போகவில்லை. கட்டிய பணம் போயிற்று. மார்ச்சில்தான் நேராகப் படி இறங்கினேன்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் படியில் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், எதையும் பிடிக்காமல். கை தானாகக் கம்பியைத் தேடிப் போனால், வருகிற ஞாயிறு அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். திங்கட்கிழமை முட்டியை டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.