‘அல்லா’ என்னும் சொல் யாருக்கு உரியது?

மலேசியாவில் ஒரு சொல்லை முன்னிட்டுப் பல்லாண்டுகள் வழக்கு நடந்தது. கிறிஸ்தவப் பிரசுரங்களில் கடவுளை ‘அல்லா’ என எழுதலாகாதென்று அந்நாட்டுச் சர்க்கார் 1986-ல் உத்தரவிட்டிருந்தது. 2009 டிசம்பரில் உயர்நீதிமன்றம் ‘ஹெரால்டு’ என்னும் கத்தோலிக்கப் பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுமாதமே சில மாதாகோயில்கள் தாக்கப்பட்டன. 2013-ல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது.

சட்ட நுணுக்கங்கள் ஒருபுறமிருக்கட்டும். இத்தடை இஸ்லாத்தின் மூலக்கொள்கைக்கே முரணானது என்பது நமது அபிப்பிராயம்.

அம்மதத்தின் ஆணிவேர் ‘தௌஹீது’, அதாவது கடவுள் ஒருவனே என்பது. அவன் ஏகன், எவர் தயவும் வேண்டாதவன், பெறாதவன், பிறவாதவன், நிகரற்றவன் என்பதே நான்கே வசனங்களாலான 112-வது அத்தியாயத்தின் சாரம். அவனுக்கு இணை கற்பிப்பதினும் கொடிய பாவம் முஸ்லிமுக்கு வேறில்லை. ஆயினும் அவன் வெறும் தண்டனாதிகாரியல்லன். குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்றொழிய மற்றவை யாவும் அவனை அருளாளனென்று போற்றியே தொடங்குகின்றன. நம்மவரிற் பலர் அல்லாவை முஸ்லிம்களின் குலதெய்வம் போலக் கருதுகிறார்கள். அது பெரும்பிழை.

ஒருவனே கடவுளெனில், அவன் ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் உரியவனாவதெங்ஙனம்? முன்னரே வேதம் பெற்றவர்களிடம், உங்கள் கடவுளும் எங்கள் கடவுளும் ஒருவனே எனச் சொல்லும்படி 29-வது அத்தியாயத்தின் 46-வது வசனம் முஸ்லிம்களைப் பணிக்கிறது. நபி பிறக்குமுன்பே காலஞ்சென்ற அவருடைய தந்தையின் பெயர் அப்துல்லா; ‘அல்லாவின் அடியான்’ என்று பொருள். ஆகவே, சொல் இஸ்லாத்திற்கு முந்தியது. எகிப்திலும் லெபனானிலும் சிரியாவிலும் அரபு பேசும் கிறிஸ்தவர்கள் இன்றும் அச்சொல்லாலேயே பிரார்த்திக்கின்றனர். 1629-ல் அச்சேறிய மலாய் மத்தேயு சுவிசேஷத்திலும் அதுவே காணப்படுகிறது.

பொதுச்சொல்லால் தம் மக்கள் மயங்கி மதம் மாறுவரோ என்னும் மலாய் முஸ்லிம்களின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. திரித்துவத்தை அவர்கள் ஏற்பதற்கில்லை. அதை வாதத்தால் மறுக்க அவர்களுக்குப் பூரண சுதந்திரமுண்டு. சொல்லைச் சிறையிட்டு மறுப்பது எவ்வகை வாதம்? தமிழில் சைவரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஆண்டவனை ஆண்டவனென்றே அழைக்கின்றனர். அதனால் யாருடைய கொள்கையும் குலைந்ததாக நாமறியோம்.

2021 மார்ச்சில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 1986-ஆம் வருஷத்து உத்தரவு செல்லாதென்று தீர்த்தது. 2023-ல் சர்க்கார் தன் அப்பீலை வாபஸ் வாங்கிக்கொண்டது. 2008-ல் விமானநிலையத்தில் பறிமுதலான எட்டுக் குறுந்தகடுகளுக்காக, சராவாக்கைச் சேர்ந்த கிறிஸ்தவ மாதொருத்தி தொடுத்த வழக்கு அது.