பழைய காரின் வேகமானி அசல்தானா?

1960-களில் பிரிட்டனில் செய்யப்பட்ட கார் ஒன்று பழுது நீக்கப்பட்டுப் புதுப்பொலிவுடன் நிற்கிறது. அதன் வேகமானியும் பழையதுதான். கறுப்பு முகம், வெள்ளை எழுத்து, மெல்லிய முள் எல்லாம் பொருத்தமாகவே தோன்றுகின்றன. ஆனால் அது அந்தக் காருக்கே உரியதா, வேறொரு காரிலிருந்து கழற்றி மாட்டியதா? தோற்றத்தை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. எனினும், கருவியின் முகத்திலேயே ஒரு துப்பு இருப்பதுண்டு.

வேகமானி இயங்கும் விதத்தை முதலில் காண்போம். ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை இது. கியர்ப் பெட்டியிலுள்ள சிறு பற்சக்கரம் ஒரு கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனை வேகமானிக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், அதனைச் சூழ்ந்தாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம் உள்ளது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் தூண்டப்படுகின்றன. அதனால் கிண்ணமும் அதே திசையில் திரும்ப முயல்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதனை எதிர்க்கிறது. இரு விசைகளும் சமன்படும் இடத்தில், கிண்ணத்தோடு இணைந்த முள் நிற்கிறது.

ஆகவே வேகமானிக்குச் சாலையைப் பற்றி எதுவும் தெரியாது. கேபிளின் சுழற்சி மட்டுமே தெரியும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை முறை சுழலும் என்பது டயரின் அளவு, பின் அச்சின் பல் விகிதம், கியர்ப் பெட்டியின் பற்சக்கரம் ஆகியவற்றைப் பொறுத்தது. இது காருக்குக் கார் மாறும்.

பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவனம் தன் வேகமானிகள் பலவற்றின் முகத்தில், வகை எண்ணுடன் 1000, 1280 என்பது போன்ற ஓர் எண்ணையும் சிறிதாக அச்சிட்டது. ஒரு மைலுக்குரிய கேபிள் சுற்றுகளே அந்த எண்.

இதனைச் சோதிப்பது எளிது. கேபிளை வேகமானியிலிருந்து கழற்றி, அதன் உள்கம்பியின் நுனியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டுங்கள். காரை நியூட்ரலில் வைத்து, 52 அடி 10 அங்குலம் நேராகத் தள்ளச் செய்யுங்கள். இது ஏறத்தாழ ஒரு மைலில் நூறில் ஒரு பங்கு. காகிதம் சுற்றிய சுற்றுகளை எண்ணி நூறால் பெருக்குங்கள். 12.8 சுற்று வந்தால், அந்தக் காருக்கு வேண்டியது 1280 எண்ணுள்ள கருவி.

எண்கள் மாறுபட்டால் என்ன ஆகும்? 1000 சுற்று வரும் காரில் 1280 எண்ணுள்ள கருவியை மாட்டியதாகக் கொள்வோம். கார் மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓடும்போது முள் 50 என்று காட்டும்! ஓடிய தூரமும் அதே அளவில் குறைத்துக் காட்டப்படும். ஓட்டுபவருக்கு ஆபத்து, காரை வாங்குபவருக்கு நட்டம்.

ஒன்றை மறத்தலாகாது. பின் அச்சையோ டயரையோ யாரேனும் மாற்றியிருந்தாலும் எண்கள் ஒவ்வா. எண்கள் ஒத்திருந்தாலும், கருவி சரியான வகை என்பதே உறுதியாகும். தொழிற்சாலையில் பொருத்திய அதே கருவி என்பதன்று.

இன்னும் பழைய அமெரிக்கக் கார்களில் பெயரே சான்றாகும். ஸ்டூவர்ட்-வார்னர் என்னும் இணைப்புப் பெயர் 1912-இல் தோன்றியது. 1910-ஆம் ஆண்டுக் காரில் அப்பெயருள்ள வேகமானி இருந்தால், அது பின்னர் வந்து சேர்ந்ததே. பளபளப்பு ஏமாற்றலாம், பெயரும் எண்ணும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.