காலிக் குடம் எப்போது செய்தியாகிறது?

பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று தினமும் படிக்கிறோம். இதை ஏன் போட்டார்கள், அதை ஏன் விட்டார்கள் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? "முக்கியமானதைப் போடுவார்கள், மற்றதை விடுவார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்பீர்கள். ஆனால் இந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் அக்கா பெண். இதழியலில் எம்.ஏ. முடித்துவிட்டு இப்போது ஆராய்ச்சி மாணவி. லீவுக்கு வந்தால் என்னோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடியே தான் படித்ததைச் சொல்வாள். பத்தாவதோடு நிறுத்திய எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாமலா போகும்?

ஒரு சென்ட் பேப்பர்

முதலாவது பெண் ஹெலன் மெக்கில் ஹியூஸ். கனடாவில் வான்கூவரில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே இவருடைய தாயார் அங்கே சிறுவர் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தாராம்! ஹெலன் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1937-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சி 1940-ல் புத்தகமாக வந்தது. சாமானிய ஜனங்களின் கதை பத்திரிகைக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம்.

முன்பு நியூயார்க்கில் பேப்பர் என்றால் வியாபாரிகளுக்கும் கட்சிக்காரர்களுக்கும்தான். விலை ஆறு சென்ட். கூலிக்காரர் வாங்கக் கட்டுமா? 1833-ல் பெஞ்சமின் டே என்பவர் 'சன்' என்ற பத்திரிகையை ஒரே சென்ட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் போலீஸ் கோர்ட் சமாசாரம் நிறைய. குடித்துவிட்டுச் சண்டை போட்டவன், திருடி மாட்டிக்கொண்டவன் என்று அக்கம்பக்கத்து மனிதர்களின் கதைகள். ஏழை எளியவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். நம்மைப் போன்றவர்கள் செய்தியில் இடம் பிடித்தது இப்படித்தான். ஆனால் பாருங்கள், நுழைந்த வாசல் போலீஸ் கோர்ட்!

இவ்வளவு படித்த ஹெலனுக்கு என்ன வேலை கிடைத்தது தெரியுமா? கணவர் அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இவர் 1944-லிருந்து 1961 வரை அங்கிருந்து வந்த சமூகவியல் பத்திரிகை ஒன்றை எடிட் செய்யும் வேலை பார்த்தார். பேராசிரியர் பதவி இவருக்கு அங்கே கிடைக்கவில்லை. 1973-ல் அந்த நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 'எல்லா வேலைக்கும் ஒரு ஆளா, இல்லை வாழ்க்கைப்பட்டு வந்த உறவுக்காரியா?' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்தார். படிக்காத நமக்கும் படித்த அவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை போலிருக்கிறது!

எங்கள் தெருக் கதை

போலீஸ் கோர்ட் வாசல் என்றதும் எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது. ஒரு கோடையில் பதினோரு நாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குடம் பத்து ரூபாய் கொடுத்து வாங்கினோம். எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தைக்காரி, பால் பாட்டிலைக் கொதிக்க வைக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் தவித்தாள். எந்தப் பேப்பரிலும் ஒரு வரி இல்லை. பன்னிரண்டாம் நாள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் போய் உட்கார்ந்தோம். மறுநாள் படத்தோடு செய்தி! பெண்கள் மறியல், ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு, போலீசார் சமாதானம் பேசியதும் கலைந்து சென்றனர். அவ்வளவுதான். பதினோரு நாள் தண்ணீர் இல்லை என்பது மட்டும் இல்லை.

"வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்" என்றேன். "இல்லை சித்தி, அவர்கள் வலை அப்படி" என்றாள் அக்கா பெண். அப்போது சொன்னதுதான் இரண்டாவது பெண்ணின் கதை.

பெரிய மீனுக்குப் போட்ட வலை

அவர் பெயர் கேய் டக்மன். 1960-களின் பிற்பகுதியில் ஆராய்ச்சி மாணவியாக ஒரு பத்திரிகை ஆபீசிலும் ஒரு டெலிவிஷன் நிலையத்திலும் போய் உட்கார்ந்து, நிருபர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்தார். 1969-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு பார்த்ததையும் சேர்த்து 1978-ல் 'மேக்கிங் நியூஸ்' என்ற புத்தகம் எழுதினார்.

அவர் சொன்னது இதுதான். பத்திரிகைகள் ஊர் முழுக்க வலை விரிக்கின்றன. போலீஸ், கோர்ட், நகரசபை, அரசாங்க ஆபீஸ் என்று நிச்சயமாகச் செய்தி கிடைக்கும் இடங்களில் ஆளைப் போடுகிறார்கள். அங்கே நடப்பது வலையில் விழுகிறது. வலையின் கண் பெரிசு. சின்ன மீன் நழுவிவிடும். நேரமும் ஒரு கணக்கு. நிருபர்கள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு நடக்கும் சம்பவம், பகலில் நடப்பதைவிடப் பெரிதாக இருந்தால்தான் ஆளை அனுப்புவார்கள்.

எங்கள் தெருச் சமாசாரம் இப்போது விளங்குகிறதா? குழாயடியில் நிருபர் இல்லை. போலீஸ் ஸ்டேஷனோடு அவர்களுக்குத் தொடர்பு உண்டு. நாங்கள் பஸ்ஸை மறித்தபோதுதான் வலைக்குள் வந்தோம். அதனால் போலீஸ் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் செய்தியாயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. வேலை செய்யும் முறையே அப்படி.

சொல்லாமலே கற்பது

புது நிருபருக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாரன் பிரீட் என்பவர் 1952-ல் இதை ஆராய்ந்து பட்டம் பெற்றார். சுமார் 120 பத்திரிகைக்காரர்களைப் பேட்டி கண்டார். பத்திரிகையின் கொள்கை இது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லையாம். தன் பேப்பரைத் தினமும் படித்து, தான் எழுதியதில் எதை வெட்டினார்கள் என்று பார்த்து, தானாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புகுந்த வீட்டில் மாமனாருக்கு எத்தனை மணிக்குக் காப்பி, எந்தப் பேச்சை மாமியார் முன் எடுக்கக் கூடாது என்று நமக்கு யாராவது பட்டியலா கொடுத்தார்கள்? முகத்தைப் பார்த்தே பத்தே நாளில் கற்றுக்கொள்ளவில்லையா!

"சொன்னார்" என்றால் உண்மையா?

டக்மன் 1972-ல் எழுதிய இன்னொரு கட்டுரை இளம் தாய்மார்களுக்கு ரொம்ப உபயோகம். நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது என்று நிருபர்கள் சில பழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேட்பது ஒன்று. அடுத்தவர் வாயால் சொல்ல வைத்து மேற்கோள் குறி போடுவது இன்னொன்று. "அரிசி விலை இறங்கிவிட்டது என்று அதிகாரி சொன்னார்" என்று போட்டால், அவர் சொன்னது நிஜம். விலை இறங்கியதா? அது மளிகைக் கடைக்குப் போகும் நமக்கல்லவா தெரியும்!

குழந்தைக்கு இந்தச் சத்து மாவு கொடுத்தால் மூளை வளரும் என்று 'நிபுணர்' சொன்னதாக வந்தாலும் இப்படியே பாருங்கள். சொன்னவர் யார், மாவு விற்பவரா, வைத்தியரா? எதை வைத்துச் சொன்னார்? கைபேசியில் வருகிற சேதிக்கு இந்த அளவு காவல்கூடக் கிடையாது. குழந்தைக்கு எதையும் புதிதாகக் கொடுக்குமுன் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

பெண்கள் பக்கத்தின் பெருமை

பெண்கள் பக்கங்களையும் டக்மன் விடவில்லை. அமெரிக்காவில் பெண்கள் உரிமைக்காகக் கிளம்பிய இயக்கத்தின் செய்திகள் பல அந்தப் பக்கங்களில்தான் வந்தன. அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய அவசரம் அங்கே குறைவு. மெல்ல மெல்ல நடப்பதைக் கவனித்து எழுத முடிந்தது. ஆனால் அங்கே போட்டதாலேயே 'இது பெண்கள் விஷயம்' என்று மற்றவர்கள் புரட்டிவிட்டுப் போகும் ஆபத்தும் இருந்தது. தண்ணீர் வராததும், குழந்தை எடை ஏறாததும் ஒரே நாளில் நடக்கிற சம்பவமா? அதற்குப் பொறுமையான பக்கம் வேண்டும். ஆண்களும் அதைப் படிக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு ஆராய்ச்சி

அக்கா பெண் செய்வதை நாமும் செய்யலாம். ஒரு வாரப் பேப்பரை எடுத்துவையுங்கள். சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: போலீஸ், கோர்ட், அரசாங்கம், கம்பெனி. யார் பேசியிருக்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில் அந்த வாரம் நடந்தது எது அதில் இல்லை என்றும் குறியுங்கள். லீவு நாளில் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டால் விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

எங்கள் தெருவில் இன்னொன்றும் செய்தோம். ஒரு நோட்டுப் போட்டு, தண்ணீர் வந்த தேதி, நேரம், எத்தனை குடம் என்று முறை வைத்து எழுதி வந்தோம். அடுத்த முறை தண்ணீர் நின்றபோது ரோட்டுக்குப் போகவில்லை. பத்திரிகை ஆபீசுக்குக் காலையிலேயே போன் செய்து, வந்த நிருபர் தம்பி கையில் நோட்டைக் கொடுத்தோம். மறுநாள் செய்தியில் தேதி வாரியாக விவரம் வந்தது. அந்த வாரமே என்ஜினீயர் வந்து குழாயைப் பார்த்தார்.

வலை நம் பக்கம் வராவிட்டால் நாம் வலைக்குப் பக்கத்தில் போக வேண்டும், அவ்வளவுதான். நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்றே வாங்கிவிடுங்கள்.